பிஎம்ஐ மட்டும் போதுமா? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். விசாரணை நடந்தது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது, சில நாட்களில் வேறு செய்திகள் வந்துவிட்டன.

அந்த நாட்களில் இரண்டு விதமான பேச்சு அதிகம் கேட்டது. ஒன்று, "வாயைக் கட்டியிருந்தா இதெல்லாம் தேவையே இல்லையே" என்பது. இன்னொன்று, "இந்த ஆபரேஷனே ஆபத்து, யாரும் கிட்ட போகாதீங்க" என்பது. இரண்டுமே சரியில்லை. கடுமையான உடல் பருமனோடு சர்க்கரை நோயும் இருக்கும் ஒருவருக்கு இந்த அறுவை சிகிச்சை ஆயுளைக் கூட்டித் தரக்கூடும். அதே அறுவை சிகிச்சை, தேவையே இல்லாத ஒருவருக்கு நல்ல இரைப்பையை வெட்டி எடுத்ததாக முடிந்துவிடும்.

அப்படியானால் யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது? இதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில், என்னதான் செய்கிறார்கள்?

'கொழுப்பை உறிஞ்சி எடுப்பது' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது லைப்போசக்‌ஷன், அழகு சிகிச்சை வகை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையையும் குடலையும்தான் மாற்றி அமைக்கிறார்கள்.

அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பார்கள். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை உருவாக்கி, சிறுகுடலை அதனோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். உணவு, மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் கீழே போய்விடும்.

வயிறு சின்னதானால் சாப்பாடு குறையும், எடை இறங்கும் என்பது பாதி உண்மைதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுவதால் பசியே குறைகிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் பின்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால், இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே சிலருக்கு சர்க்கரை அளவு இறங்கிவிடுவது இதனால்தான். ஆகவே இதை எடைக்கான ஆபரேஷன் என்பதைவிட, உடலின் வளர்சிதை மாற்றத்துக்கான ஆபரேஷன் என்று பார்ப்பது பொருத்தம். யாருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கான பதிலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பிஎம்ஐ எவ்வளவு இருக்க வேண்டும்?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. 160 சென்டிமீட்டர் உயரம், 85 கிலோ எடை என்றால் 33.2 வரும்.

பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்ட அளவுகோல், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991ல் சொன்னது. பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். 35க்கு மேல் இருந்து, கூடவே சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற பெரிய பிரச்சனைகள் இருந்தாலும் செய்யலாம்.

இந்தக் கணக்கு நம் உடம்புக்கு அப்படியே பொருந்தாது. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதும் தெற்காசியர்களின் உடல்வாகு. நம் ஊர் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றாலே ஒல்லியான கை கால், முன்னால் தள்ளிய தொப்பை என்று நாலு பேரைப் பார்த்துவிடலாம்.

அதனால் ஆசியர்களுக்கு வரம்பைக் குறைத்தார்கள். சர்க்கரை நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றி 2016ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலை 45 மருத்துவ அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. டைப் 2 சர்க்கரை உள்ள ஆசியர்களுக்கு ஒவ்வொரு வரம்பிலும் 2.5 புள்ளியைக் கழிக்க வேண்டும் என்றது அது. அதன்படி, சர்க்கரை நோய் உள்ளவருக்கு பிஎம்ஐ 37.5 என்றால் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். 32.5ல் இருந்து, மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தும் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்றாலும் பரிந்துரைக்கலாம். 27.5க்கு மேல் இருந்து, மாத்திரை, இன்சுலின் எல்லாம் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை என்றால் பரிசீலிக்கலாம். 2022ல் இந்தத் துறையின் இரண்டு பெரிய சங்கங்கள் இன்னும் ஒரு படி இறங்கி, பொதுவாக 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5லிருந்தே இந்த வாய்ப்பைத் தரலாம் என்று அறிவித்தன.

27.5 என்றால் எவ்வளவு தெரியுமா? 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு வெறும் 70 கிலோ. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். இந்தக் கூட்டத்தில் கணிசமானவர்களை 'தகுதி உள்ளவர்' பட்டியலில் சேர்த்துவிட முடியும். அவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா? நிச்சயம் இல்லை. பிஎம்ஐ, மருத்துவரின் அறைக்குள் நுழைய ஒரு டோக்கன் மாதிரி. உள்ளே போன பிறகுதான் உண்மையான கேள்விகள் ஆரம்பிக்க வேண்டும்.

எடையா, எடையால் வந்த நோயா?

உடல் பருமன் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2025 ஜனவரியில் ஒரு யோசனையை முன்வைத்தது. கூடுதல் கொழுப்பால் உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு வகை. எடை இருக்கிறது, ஆனால் உறுப்புகள் இப்போதைக்கு நன்றாக வேலை செய்கின்றன என்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் ஒரே சிகிச்சை கூடாது என்பது அதன் சாரம்.

அறுவை சிகிச்சை விஷயத்தில் இந்தப் பிரிப்பு ரொம்பவே உதவும். 34 வயது, பிஎம்ஐ 33, மூன்று ஆண்டுகளாக சர்க்கரை, மூன்று விதமான மாத்திரை போட்டும் ஹெச்பிஏ1சி 9க்கு மேல், ராத்திரி குறட்டை, பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது. இப்படி ஒருவர் வந்தால், அவருக்கு அறுவை சிகிச்சை ஆடம்பரம் இல்லை. அதே 33 பிஎம்ஐயோடு 24 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். ரத்தப் பரிசோதனை எல்லாம் இயல்பு, அன்றாடம் நடக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் 'கொஞ்சம் குண்டு' என்றதால் அம்மா அழைத்து வந்திருக்கிறார். எண் ஒன்றுதான், பதில் ஒன்றாக இருக்கக் கூடாது.

கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு ஆபரேஷன் தேதி குறிப்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை அதிகம் உறுத்திய விஷயம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. எடை வேகமாக இறங்கும் காலம் அது, சத்துக்குறைவு குழந்தையைப் பாதிக்கும். ஆனால் எடை இறங்க இறங்க, பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும். பைபாஸ் செய்தவர்களுக்கு கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். கல்யாணமான ஆறாவது மாதத்திலேயே 'விசேஷம் உண்டா' என்று கேட்கிற குடும்பங்களில், இதை யார் வாய் திறந்து சொல்வது? இந்தப் பேச்சு ஆபரேஷனுக்கு முன்பே நடந்தாக வேண்டும். மருத்துவர் அந்தப் பெண்ணிடம் தனியாகவும் பேச வேண்டும்.

எடை ஏன் ஏறியது?

இது கேட்கப்படாமலே போகிற கேள்வி. ஸ்டீராய்டு மாத்திரைகள், சில மனநல மருந்துகள், இன்சுலின் இவையெல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. கார்ட்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயிலும் வயிறும் முகமும் பருக்கும். அங்கே சிகிச்சை தேவைப்படுவது அந்த நோய்க்கு, இரைப்பைக்கு இல்லை.

"எனக்கு தைராய்டு, அதான் குண்டா இருக்கேன்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. தைராய்டு குறைவால் எடை கூடுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 30 கிலோவுக்கு தைராய்டு மட்டும் காரணமாக இருப்பது அரிது. எப்படியிருந்தாலும் தைராய்டைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேச வேண்டும்.

ஊசி மருந்து வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஆபரேஷன்?

நியாயமான கேள்வி. மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாக்ளுடைடு, 68 வார ஆய்வில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. மௌன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு, அதிகபட்ச டோஸில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். சில ஆண்டுகளுக்கு முன் மாத்திரை மருந்தில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு இது.

ஆனால் நிறுத்தினால்? செமாக்ளுடைடை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அதாவது பலருக்கு இது நீண்ட காலச் செலவு. பிஎம்ஐ 30, 32 என்று இருப்பவர்களுக்கு முதலில் மருந்தை முயன்று பார்ப்பது இப்போது நடைமுறை ஆகிவருகிறது. 45, 50 என்று இருப்பவர்களுக்கு மருந்து மட்டும் போதாமல் போகலாம். அறுவை சிகிச்சைக்கு முன் எடையைக் கொஞ்சம் இறக்கவும், பின்னர் ஏறினால் அடக்கவும் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சர்க்கரை நோய் ஒரேயடியாகப் போய்விடுமா?

'ஒரே ஆபரேஷன், சர்க்கரைக்கு டாட்டா' என்கிற விளம்பரங்களை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள்.

அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வு, மருந்து மட்டும் எடுத்தவர்களையும் ஆபரேஷன் செய்தவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, ஹெச்பிஏ1சியை 6 அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஆபரேஷன் செய்தவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு அந்த இலக்கு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு இன்னும் நீளமானது. ஆபரேஷன் செய்த சர்க்கரை நோயாளிகளில் இரண்டு ஆண்டுகளில் 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. 15 ஆண்டுகளில் அது 30 சதவீதமாகக் குறைந்தது. போன நோய் திரும்பி வரலாம். ஆனாலும் இதே ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பு ஆபத்து மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவாக இருந்ததும் 2007ல் வெளியானது. சர்க்கரை திரும்பி வந்தது என்பதற்காக மொத்தமும் வீண் என்று சொல்லிவிட முடியாது.

யாருக்கு நோய் அடங்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். சர்க்கரை வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்க வேண்டும், கணையத்தில் இன்சுலின் சுரப்பு மிச்சம் இருக்க வேண்டும். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். 20 ஆண்டு சர்க்கரை, பல வருஷமாக இன்சுலின் என்பவருக்கு எடை குறையும், ஊசியின் அளவும் குறையலாம். அது அடியோடு போய்விடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

யாருக்குக் கூடாது?

மயக்க மருந்தைத் தாங்க முடியாத அளவு இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், கட்டுக்குள் வராத தீவிர மனநோய் உள்ளவர்கள், குடி அல்லது போதைப் பழக்கத்தில் இருப்பவர்கள், அளவின்றி உண்டு பிறகு வலிய வாந்தி எடுக்கும் கோளாறு உள்ளவர்கள். இவர்களில் பலருக்குப் பதில் 'இப்போது வேண்டாம்' என்பதுதான். பிரச்சனையைச் சரிசெய்துவிட்டு மறுபடி வரலாம்.

குடிப் பழக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் கலக்கும். முன்பு ஒரு குவார்ட்டருக்கு அசையாதவர், அதில் பாதிக்கே தள்ளாடலாம். ஜாமா இதழில் 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வு, மதுவால் வரும் பிரச்சனைகள் ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டாவது ஆண்டில் அதிகரித்ததாகக் காட்டியது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனதும் சிலர் வேறொன்றைத் தேடிப் போகிறார்கள் என்றும் மனநல மருத்துவர்கள் சொல்வதுண்டு. "எப்பவாவது பார்ட்டியில மட்டும்தான் டாக்டர்" என்று சொல்லித் தப்பிப்பதால் நஷ்டம் சொல்பவருக்குத்தான்.

மனநல ஆலோசனை என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அங்கே பாஸ், ஃபெயில் போடுவதில்லை. மன அழுத்தம் வந்தால் சாப்பிடுகிறீர்களா, நள்ளிரவில் எழுந்து சாப்பிடும் பழக்கம் உண்டா, எடை குறைந்தால் வாழ்க்கையில் என்னென்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். 'எடை குறைந்தால் கணவர் அன்பாக நடந்துகொள்வார்' என்பது பதிலாக வந்தால், அதற்கு ஸ்லீவ் தீர்வாகாது.

ஸ்லீவா, பைபாஸா? இதுவும் பொருத்தம் பார்க்க வேண்டிய விஷயம்தான்

ஏற்கெனவே கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம். அவருக்கு பைபாஸ் பொருந்தும். முட்டி வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுபவருக்கும், சிகரெட்டை விட முடியாதவருக்கும் பைபாஸில் இணைப்பு இடத்தில் புண் வரும் ஆபத்து அதிகம். இதனால்தான் முன்கூட்டியே எண்டோஸ்கோபி செய்து இரைப்பையைப் பார்க்கிறார்கள்.

குறட்டை விடுபவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை முக்கியம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சனையைக் கண்டுபிடிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து கூடும். இதயம், நுரையீரல், கல்லீரல், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி என்று பட்டியல் நீளம். கல்லீரல் கொழுப்பு படிந்து பெருத்திருந்தால் இரைப்பையை மறைத்துக்கொள்ளும். அதைச் சுருக்க, ஆபரேஷனுக்கு முன்பு சுமார் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். காலையில் ஆலோசனை, மறுநாள் ஆபரேஷன் என்றால் இத்தனையும் எப்போது நடந்திருக்கும்?

உயிருக்கு எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009ல் வெளியான ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்தில் மூன்று பேர். தையல் போட்ட இடத்தில் கசிவு, கால் நரம்பில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது, ரத்தக் கசிவு ஆகியவைதான் பயப்பட வேண்டியவை.

இந்தச் சராசரி எல்லோருக்கும் ஒன்றல்ல. 30 வயது, பிஎம்ஐ 36 உள்ளவருக்கும், 58 வயது, பிஎம்ஐ 55, இதய நோய், நடக்கவே முடியாத நிலை என்பவருக்கும் ஆபத்து வேறு வேறு. சிக்கலான விஷயம் என்னவென்றால், இரண்டாமவருக்குத்தான் சிகிச்சை அதிகம் தேவை. செய்யாமல் விட்டாலும் அவருக்கு ஆபத்து உண்டு. இந்த இரண்டு தட்டையும் நிறுத்துப் பார்க்க ஒரு சர்ஜன் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், சர்க்கரை நோய் மருத்துவர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவும், நள்ளிரவில் கசிவு என்றால் மறுபடி திறந்து பார்க்கக்கூடிய குழுவும் அங்கேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகு வீட்டில் என்ன நடக்கும்?

முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அதையும் சின்னச் சின்ன மடக்காக. அப்புறம் கூழ், அதன் பிறகு மெதுவாகத் திட உணவு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. நன்றாக மென்று, சாப்பாட்டை நிதானமாக முடிக்க வேண்டும். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும்.

பெரிய சவால் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று ஓடுகிற நம் தட்டில், அந்தச் சின்ன வயிற்றுக்குள் மாவுச்சத்து போக மீதி இடம் எங்கே? சுண்டல், பயறு, பனீர், மீன், கோழி என்று முதலில் புரதம், பிறகுதான் சோறு என மாற வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் பெரும்பாலும் புரதப் பவுடரும் தேவைப்படும். அறுவை சிகிச்சையைப் பரிசீலிப்பவர்களிடம் 'உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?' என்று கேட்காத மருத்துவமனையை நான் நம்ப மாட்டேன். ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணுக்குத் தனியாக அளந்து, நேரத்துக்குச் சாப்பிட அந்த வீடு இடம் கொடுக்குமா என்பதும் பொருத்தத்தின் ஒரு பகுதிதான்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. வருஷம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. தொடர்ந்து வாந்தி இருந்து தயமின் என்ற பி1 சத்து குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும் என்பதால், 'ஆபரேஷன் பண்ணா வாந்தி வரத்தான் செய்யும்' என்று வீட்டிலேயே கிடக்கக் கூடாது. சில மாதங்களில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கும், அது தானாகச் சரியாகாது.

காப்பீடு கிடைக்குமா?

இந்திய நோயாளிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019ல் வகுத்த விதிப்படி, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நிறுவனங்கள் பணம் தர மறுக்கலாம். விதிவிலக்கு கிடைக்க மருத்துவர் ஆலோசனை வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 என்றால், பருமனால் வந்த இதயத்தசை நோய், மாரடைப்பு சார்ந்த இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்து, எளிய சிகிச்சைகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? இது அந்த 1991ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோல். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள, சர்க்கரை கட்டுக்குள் வராத ஒருவர் 83 கிலோவைத் தாண்டினாலே ஆசிய வரம்பின்படி அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். காப்பீட்டுக்கு அவர் கிட்டத்தட்ட 90 கிலோ இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஆறேழு கிலோவில் சிக்கியவர்கள் கடன் வாங்குகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். தகுதிக்காக இன்னும் எடை ஏற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கவும் இந்த விதி இடம் கொடுக்கிறது. இந்தியர்களின் உடல் வேறு என்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்டு வருஷங்கள் ஆன பிறகும் விதி மாறாமல் இருப்பதற்குச் சரியான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சைக்கு முன்பே பாலிசியில் உள்ள காத்திருப்புக் காலத்தைப் பார்த்து, எழுத்துப்பூர்வமாக முன் அனுமதி வாங்குங்கள். பி12 மாத்திரைக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், புரதப் பவுடருக்கும் பெரும்பாலும் காப்பீடு உதவாது என்பதால் அதையும் மாதச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

எனக்கு இதைச் செய்யாவிட்டால் அடுத்த பத்து வருஷத்தில் என்ன ஆகும்? என் எந்த நோய்க்காக இதைச் செய்கிறீர்கள்? மருந்தை முயன்று பார்க்க ஏன் இப்போது நேரமில்லை? இந்த முறையை எனக்கு ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இன்னொன்று ஏன் வேண்டாம்? உங்களிடம் கசிவு ஏற்பட்டவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை. 'இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி' என்று யாராவது சொன்னாலும் அப்படியே செய்யலாம். இது அவசர அறுவை சிகிச்சை இல்லை, இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க எப்போதும் நேரம் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஐந்து வருஷம் கழித்து, எடை மறுபடி ஏறினாலோ, ரத்தச்சோகை வந்தாலோ நான் யாரிடம் வர வேண்டும், அன்றைக்கு என் பழைய ரிப்போர்ட்டுகள் உங்களிடம் இருக்குமா? முகாமில் பேசிவிட்டு ஊர் திரும்பிவிடும் குழுவிடம் இதற்குப் பதில் இருக்காது.